பொங்கலுக்கு முன் நீலத் தீ: மாமியின் கேஸ் அடுப்பைத் திருத்திய பதிவு

பால் காய்ச்சும் சட்டியின் அடி கறுத்திருந்தது. நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மாமி அதைக் கழுவாமல் கவிழ்த்து வைத்திருந்தார். “மருமகன், நாலு நாளாக இப்படித்தான் கரி பிடிக்கிறது. பொங்கலுக்கு முதல் இதை ஒருக்கால் பாருங்கள்” என்றார். தை பிறக்க ஐந்து நாள் இருந்தது.

எங்கள் பக்க வழக்கப்படி நான் குடியிருப்பது மனைவியின் வீட்டில், மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே. இந்த இரட்டை அடுப்பு 2017இல் மாமி சீட்டுக் காசில் வாங்கியது. அன்றிலிருந்து மேலே துடைத்திருக்கிறோமே தவிர, ஒரு தடவைகூடக் கழற்றிப் பார்த்ததில்லை. பொங்கல் பானை முற்றத்தில் மூன்று கல் அடுப்பில்தான் ஏறும். அதில் மாமி விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் அதற்குப் பிறகு மதியம் இருபது பேருக்குச் சாப்பாடு. வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து மச்சான்மார் குடும்பத்தோடு வருவார்கள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், ரசம், வடை, பாயாசம் என்று எல்லாம் இந்த இரண்டு பர்னர்களின் தலையில். அடுப்பு சுணங்கினால் பந்தியும் சுணங்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் சிலிண்டரை நிறுத்தேன். நெல் நிறுக்கும் தூக்குத் தராசு வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் அதன் வெறும் எடை பொறித்திருக்கும், எங்களுடையதில் 13.2 கிலோ. தராசு 17.4 காட்டியது. ஆகவே உள்ளே 4.2 கிலோ கேஸ். ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 46 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. 3 கிலோவாட் பர்னர் ஒன்று முழுத் தீயில் மணிக்கு 235 கிராம் அளவில் குடிக்கும். இரண்டும் சேர்ந்து ஆறு மணி நேரம் எரிந்தாலும் 3 கிலோவைத் தாண்டாது. புதுச் சிலிண்டருக்கு ஓட வேண்டியதில்லை என்று மாமியிடம் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இந்த நிறுக்கும் பழக்கம் 2022இல் வந்தது. 2021 இறுதியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தபோது மாமி சிலிண்டரை முற்றத்து மாமரத்தடியில் வைத்துவிட்டார். அந்தப் பொங்கலுக்குச் சமையல் முழுவதும் விறகில்தான். அதன் பிறகு வந்தது கேஸ் தட்டுப்பாட்டின் வரிசைக் காலம். 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலை 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய்க்குப் போனது. அந்தக் காசைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களும் வெறும் சிலிண்டர்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி வைத்துவிட்டு இரவெல்லாம் காத்திருந்தார்கள். அந்த நாட்களில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு நூறு கிராமையும் அறிந்திருந்தோம். அதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

அன்றிரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பர்னர்களையும் பற்றவைத்தேன். இடது பர்னரில் சிறு நீலப் பற்கள் வரிசையாக நின்றன. இடையிடையே செம்மஞ்சள் பொறி மின்னி மறைந்தது. வலது பர்னரில் நீலமே இல்லை. மெழுகுதிரிச் சுடர் போல மஞ்சள் நாக்குகள் நீண்டு ஆடின.

இரண்டும் ஒரே நோய் அல்ல. கடற்கரை வீடுகளில் இந்த வேறுபாடு முக்கியம். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் காற்றிலேயே உப்புத் தூசு மிதக்கிறது. உப்பில் உள்ள சோடியம் தீயில் பட்டால் செம்மஞ்சளாக மின்னும். அதனால் அடுப்புக்குக் கேடில்லை. ஆனால் நின்று ஆடும் மஞ்சள் நாக்கு, காற்றுப் போதாமல் கேஸ் அரைகுறையாக எரிவதைக் காட்டுகிறது. எரியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். கண்ணை நம்பாமல் ஒரு எவர்சில்வர் கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்து, இரண்டு தீயிலும் பத்து விநாடி பிடித்தேன். இடது தீயில் கரண்டி பளபளப்பாகவே இருந்தது. வலது தீயில் கறுத்த பஞ்சு போலக் கரி ஒட்டியது.

மறுநாள் காலை சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி வெளியில் வைத்தபின் அடுப்பைக் கவிழ்த்தேன். பர்னர் தலையில் பாதித் துளைகள் பொங்கி வழிந்த கஞ்சியால் அடைபட்டிருந்தன. சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்து, வெயில் இல்லாததால் துணியில் சுற்றி உலர்த்தினேன். இது பெரிய வேலை இல்லை. மஞ்சள் தீக்கு உண்மையான காரணம் அதற்குக் கீழே இருந்தது.

ஜெட் என்ற சிறு பித்தளை முனையிலிருந்து சீறி வரும் கேஸ் தன் வேகத்தாலேயே பக்கத்துத் துவாரம் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு ஒரு குழலுக்குள் போகிறது. இரண்டும் அந்தக் குழலில் கலந்துதான் பர்னர் தலைக்கு வரும். ஒரு பங்கு கேஸ் முழுதாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக் குழலின் வாயில் ஏதேனும் குந்தியிருந்தால் தீ மஞ்சளாகத்தான் எரியும். வலது குழலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நுனியளவு மண் உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. குளவிக்கூடு. ஈர்க்கிலை நனைத்து மெதுவாகச் சுரண்டினேன். மண் உதிர்ந்தது, உள்ளே காய்ந்துபோன சிறு சிலந்திகள் நான்கு. குளவி தன் குஞ்சுக்கு இரையாக அடைத்து வைத்தவை. இடைக்கிடை மட்டும் எரியும் பர்னரைத்தான் அது தேர்ந்தெடுத்திருக்கிறது. அன்றாடம் எரியும் இடது பர்னரில் எதுவும் இல்லை.

ஜெட் இரண்டையும் கழற்றினேன். பித்தளையில் நடுவே மயிரளவுத் துளை. இங்கே ஊசியை நுழைப்பதுதான் பலர் செய்யும் தவறு. பித்தளை மென்மையான உலோகம்; உருக்கு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். துளை பெருத்தால் கேஸ் கூடும், காற்று கூடாது, தீ மறுபடி மஞ்சளாகும். வாவியில் வலை போடும் நண்பரிடம் ஒரு முழம் தங்கூசி, அதாவது நைலோன் மீன்பிடி நூல், கேட்டு வாங்கியிருந்தேன். அதைச் சரிவாக வெட்டி நுழைத்து இழுத்தேன். நைலோன் பித்தளையைக் கீறாது. துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது வட்டமாகத் தெளிவாகத் தெரிந்தது.

பூட்டிப் பற்றவைத்தேன். வலது பர்னரும் நீலம். மாமி வந்து பார்த்துவிட்டு, “இனிச் சரிதானே?” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் போகும்போது சொன்ன ஒரு வார்த்தை என்னை நிறுத்தியது: “இரவில் சில நாள் அழுகிய கோவா (முட்டைக்கோஸ்) மாதிரி ஒரு மணம் வரும். சாக்கடை என்று நினைத்தேன்.”

எரிவாயுவுக்குத் தன் மணம் என்று ஒன்று இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மேர்கப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். எரிவாயு காற்றைவிடப் பாரமானதால் கூரைக்கு எழாமல் தரையில் படுத்து, கதவிடுக்கில் தேங்கி நிற்கும். நான் சிலிண்டரைத் திறந்துவிட்டு முழங்காலில் குந்தி, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் முகர்ந்தேன். மிக மெல்லியதாக இருந்தது. நிமிர்ந்தால் இல்லை. இருபது பேர், அவர்களில் ஆறு குழந்தைகள், அந்தத் தரையில் ஓடித் திரியப் போகிறார்கள்.

சவர்க்கார நுரை பூசிக் குமிழி பார்ப்பது எல்லாரும் செய்வது, செய்யவும் வேண்டும். ஆனால் கசிவு எவ்வளவு, திருத்திய பின் முற்றாக நின்றதா என்பதை அறிய எனக்கு அளவு தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு மேசன் அண்ணனிடம் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை இரவல் வாங்கினேன். ஒரு பலகையில் அதை ‘ப’ எழுத்து வடிவில் ஆணியடித்துக் கட்டி, மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரைப் பாதி உயரத்துக்கு ஊற்றினேன். பக்கத்தில் மகனின் அளவுகோல். ஹாட்வெயார் கடையில் வாங்கிய மூன்று வாய் கொண்ட பித்தளை இணைப்பின் ஒரு வாய் ரெகுலேட்டர் குழாய்க்கு, ஒன்று அடுப்புக்கு, மற்றது இந்தத் தண்ணீர்க் குழாய்க்கு. அடுப்பு முழுவதையும் விறாந்தைக்குக் கொண்டு வந்து, திறந்த வெளியில்தான் இதைச் செய்தேன். ரெகுலேட்டர் பழுதாக இருந்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கேஸ் வெளியே வரும்.

சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போலப் பல மடங்கு. அதை ரெகுலேட்டர் 30 மில்லிபார் அளவுக்குக் குறைத்து அனுப்ப வேண்டும். அது ஏறக்குறைய 30 சென்டிமீற்றர் உயரத் தண்ணீரின் பாரம். திறந்தேன். ஒரு பக்கம் 16 சென்டிமீற்றர் ஏறியது. பாதிதானே என்று ரெகுலேட்டரைச் சந்தேகித்து, கழற்றவும் போய்விட்டேன். மகன்தான், “அப்பா, மற்றப் பக்கம் இறங்கியிருக்கிறதே” என்றான். அதுவே சரி. ஏறியதையும் இறங்கியதையும் கூட்ட வேண்டும், மொத்தம் 32. ஒரு பர்னரைப் பற்றவைத்ததும் 29க்கு வந்து நின்றது. ரெகுலேட்டர் நன்றாக இருந்தது.

இப்போது பர்னர்களை அணைத்து, சிலிண்டரையும் மூடினேன். கேஸ் குழாய்க்குள் அடைபட்டு நிற்கிறது. கசிவு இல்லாவிட்டால் தண்ணீர் அசையக் கூடாது. ஐந்து நிமிடத்தில் 4 சென்டிமீற்றர் இறங்கியது. மஞ்சள் கோடு அளவுகோலில் ஒவ்வொரு மில்லிமீற்றராகச் சரிவதை மாமியும் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

பிறகு நுரை. அடுப்பு முனையில், கிளிப் இறுக்கிய இடத்துக்கு அடியில், மெதுவாக ஒரு குமிழி வீங்கியது. கிளிப்பைக் கழற்றிக் குழாயை மடக்கினேன். வெளியில் தெரியாத நான்கைந்து வெடிப்புகள் வாய் திறந்தன. குழாயில் அச்சிட்டிருந்த ஆண்டு 2016. அடுப்பைவிட வயது கூடியது. மூன்று நான்கு ஆண்டுக்கு மேல் எந்தக் குழாயையும் நான் இனி நம்ப மாட்டேன்.

குழாயின் நுனியில் ஒரு விரல்நீளத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். துண்டைக் காட்டினால் அளவு பிழைக்காது. சமையல் எரிவாயுக்கென்று அச்சிட்ட குழாய் மட்டுமே வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை வெட்டிப் பூட்டியிருந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் ரப்பர் விளைகிறது. என்றாலும் இயற்கை ரப்பர் இந்த வேலைக்கு ஆகாது. எண்ணெய் வகைகள் பட்டால் அது ஊதி இளகிவிடும். இதற்கு நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்தான் பொருந்தும். அதுவும் கச்சா எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் பிறக்கும் பொருட்களால் செய்தது. ஒரே கிணற்றுப் பிள்ளைகளில் ஒன்று எரிகிறது, மற்றது அதைக் காவல் காத்துக் கொண்டு போகிறது. தங்கூசியும் அந்தக் குடும்பம்தான், மேசன் அண்ணனின் மட்டக்குழாயும் அந்தக் குடும்பம்தான்.

புதுக் குழாய், புதுக் கிளிப் இரண்டு. கிளிப்பை அளவுக்கு மிஞ்சி இறுக்கக் கூடாது. அது குழாயை வெட்டிவிடும். மறுபடி மூடிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் 1 சென்டிமீற்றர் இறங்கியது. இன்னொரு கசிவு.

இது வலது திருகில் இருந்தது. நுரை பூசிய இடத்தில் குமிழி பெருக்கவில்லை. கடுகளவு நுரைகள் விளிம்பில் ஊறி நின்றன. திருகுக்குள் கூம்பு வடிவப் பித்தளைத் துண்டு ஒன்று சுழல்கிறது. அதன் மேல் பூசிய கிறீஸ் படலம்தான் கேஸை அடைத்து நிற்கிறது. எட்டு ஆண்டுச் சூட்டில் அந்தக் கிறீஸ் காய்ந்து பொருக்காகியிருந்தது. மோட்டார் சைக்கிளுக்குப் பூசும் சாதாரணக் கிறீஸ் இங்கே உருகி ஓடிவிடும். அடுப்புத் திருகுக்கென்றே சூடு தாங்கும் கிறீஸ் சிறு டியூபில் கிடைக்கிறது. பழையதைப் பஞ்சால் துடைத்து, கூம்பின் துளையில் ஒரு பொட்டும் படாமல் மெல்லியதாகப் பூசினேன். துளைக்குள் போனால் கேஸ் வழி அடைபடும். கூம்பைப் போட்டுச் சுழற்றியபோது, பல ஆண்டாக முரண்டிய திருகு விரல் நுனியில் வழுக்கிச் சுழன்றது.

மூன்றாம் முறை. பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் கோடு அசையவில்லை. பிறகு தரையில் குந்தி முகர்ந்தேன். வெங்காய மணம் மட்டும்.

பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் மழை பிடித்தது. முற்றத்து அடுப்புக்கு மேலே தறப்பாள் கட்டினோம். தறப்பாளின் பொலித்தீன் சூடேறினால் எளிதில் இளகத் தொடங்கிவிடும். ஆகவே எட்டடி உயரத்தில், ஒரு பக்கம் சரித்து, புகையும் வெப்பமும் வெளியேற வழிவிட்டுக் கட்டினேன். விறகு ஈரம். மூத்த மச்சான் மோட்டார் சைக்கிளிலிருந்து கொஞ்சம் பெற்றோல் எடுக்கலாம் என்றார். தடுத்துவிட்டேன். பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி தீக்குச்சியைத் தேடி வந்து பற்றும். மண்ணெண்ணெய் நம் காலநிலையில் அப்படி எளிதில் ஆவியாகாது. ஆனால் மாமிக்கு அதுவும் சம்மதமில்லை: “சூரியனுக்குப் படைக்கிற பொங்கலில் எண்ணெய் மணம் வரக் கூடாது.” அவர் ஒரு மாதமாகப் பரணில் சேர்த்து வைத்த சிரட்டையும் காய்ந்த பாளையும் இறங்கின. தீ மூட்ட அவற்றுக்கு ஈடு எதுவும் இல்லை.

அதிகாலை ஐந்தரைக்குக் கற்பூரத்தில் தீ பிடித்தது. பானையில் பால் ஏறி, ஆறரைக்கு வாய் நிறைந்து பொங்கியது. பிள்ளைகள் “பொங்கலோ பொங்கல்” என்று கத்தினார்கள். மழை தூறிக்கொண்டே இருந்தது. சூரியன் தெரியவில்லை; கிழக்குப் பக்கம் வெளுத்ததைப் பார்த்துக் கும்பிட்டோம்.

பானையில் போட்ட சிவப்புப் பச்சையரிசி இளைய மச்சானின் வயலில் விளைந்தது. அவர் அரிசியைக் களையும்போது 2021ஐப் பற்றிப் பேசினார். அந்த ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். யூரியா இல்லாத அந்தப் பெரும்போகத்தில் அவருடைய பயிர் வெளிறி நின்றது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். காற்றில் உள்ள நைதரசனோடு இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த ஐதரசனைச் சேர்த்து அமோனியா செய்து, அதிலிருந்துதான் உலகில் பெரும்பாலும் யூரியா செய்கிறார்கள். உழுத டிராக்டரும் அறுத்த இயந்திரமும் டீசல். “பானைக்குக் கீழே மட்டுமில்லை மச்சான், உள்ளேயும் எண்ணெய்தான்” என்று அவர் சொன்னதை நான் அடுப்படியில் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு இரட்டை அடுப்பில் சோறும் பருப்பும் ஏறின. இரண்டு தீயும் நீலம். வடை பொரிக்க மட்டும் விறாந்தையில் இரவல் வாங்கிய வளைய அடுப்பும் 5 கிலோ சிலிண்டரும். மூன்றாவது ஈடு போடும்போது அந்தத் தீ சுருங்கியது. சிலிண்டரின் கீழ்ப்பாதியில் பனி பூத்தது போல நீர்த்துளிகள். பெரிய அடுப்பு வேகமாக இழுக்கும்போது உள்ளே திரவம் வேகமாக ஆவியாகிறது. அதற்கான வெப்பத்தைத் தன் உடம்பிலிருந்தே எடுப்பதால் சிலிண்டர் குளிர்ந்து, அழுத்தம் விழுகிறது. நீர்த்துளி எந்த மட்டம் வரை இருக்கிறதோ, அதுவே உள்ளே திரவத்தின் மட்டம்.

மச்சான் சிலிண்டரைச் சரித்துப் படுக்கவைக்கக் குனிந்தார். “மச்சான், வேண்டாம், விடுங்கள்” என்று கையைப் பிடித்தேன். சாய்த்தால் ஆவிக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு லீற்றர் திரவம் 250 லீற்றர் அளவு வாயுவாக விரியும். தீ ஆளுயரம் எழும்பும். கொதிநீர் ஊற்றுவதும் அதே அளவு ஆபத்து. வளைய அடுப்பைத் தணித்துக் கால்மணி நேரம் சும்மா விட்டோம். மிச்ச வடையை மாமி உள்ளே, வலது பர்னரில், குளவி குடியிருந்த அதே பர்னரில் பொரித்து எடுத்தார். எண்ணெய்ச் சட்டியின் அடி வெள்ளையாகவே இருந்தது.

ஒரு மணிக்கு முதல் பந்தி. பின்னேரம் சிலிண்டரை மறுபடி தூக்கி நிறுத்தேன்: 15.9. இடைப்பட்ட நாட்களின் சமையலையும் சேர்த்து, இருபது பேரின் மதியச் சாப்பாடு வரை உள்ளே செலவானது 1.5 கிலோ.

மட்டக்குழாயைக் கழுவிச் சுருட்டி, ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு மேசன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பொங்கலை வாங்கிக்கொண்டு குழாயை என்னிடமே திருப்பித் தந்தார். “தம்பி, நாளைக்கு எங்கள் அடுப்பையும் ஒருக்கால் பாருங்கள்.” பட்டிப் பொங்கலன்று பின்னேரம் பலகையோடு போனேன். அவர்கள் குழாயில் ஆண்டு அழிந்துபோயிருந்தது. தண்ணீர் மூன்று நிமிடத்தில் 6 சென்டிமீற்றர் இறங்கியது.